பி.ஏ. ஹிஸ்டரி: அப்பா கேட்ட கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அன்னூர் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு, இப்பத்தான் பிளஸ் டூ முடிச்சிருக்காங்க. "அண்ணா, எனக்கு பி.ஏ. ஹிஸ்டரி எடுக்கணும்னு ஆசை. கவர்மென்ட் காலேஜ்ல சீட்டும் கிடைக்கும். எங்கப்பா திட்டல, கோபப்படல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. 'அதப் படிச்சா காசு வருமா கண்ணு?' எனக்குப் பதில் சொல்லத் தெரியலீங்கண்ணா."

அந்த வாய்ஸ் நோட்டை மூணு தடவை கேட்டேன். ஏன்னா இதே கேள்வியை எங்கப்பா என்கிட்ட 2011-ல கேட்டாரு. நானும் அன்னிக்குப் பதில் சொல்லல. "உங்களுக்குப் புரியாதுங்கப்பா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். அது பதிலே இல்லைன்னு தெரிஞ்சுக்க எனக்கு ஏழு வருஷம் ஆச்சு.

அதனால இன்னைக்கு எபிசோடு அந்தப் பொண்ணுக்கு மட்டும் இல்ல, அவங்க அப்பாவுக்கும்தான். அவர் கேட்டது சரியான கேள்வி. நம்ம ஊர்ல பாதிப் பேரு கடன் வாங்கி, தறி போட்டு, போர் போட்டு, நஷ்டம் பாத்து எந்திரிச்சவங்க. எதுல காசு போட்டாலும் எப்பத் திரும்பி வரும்னு கேக்காம இருக்க மாட்டாங்க. படிப்புக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாக்கறதுல தப்பே இல்ல. அந்தக் கணக்கை முழுசாப் போடணும், அவ்வளவுதான்.

இலவசப் படிப்போட விலை

முதல்ல என் கணக்கு. எங்கப்பா சோமனூர்ல விசைத்தறி ஓட்டறவர். நான் அரசுக் கல்லூரியில பி.ஏ. வரலாறு படிச்சேன். மூணு வருஷத்துக்கும் சேத்து ஃபீஸ் சில ஆயிரம். பஸ் பாஸ் இருந்துச்சு. மதியச் சோறு டப்பால போச்சு. ஆக, என் படிப்புக்கு எங்க வீட்ல செலவே இல்லைன்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சோம்.

ஒரு ஒப்பீட்டுக்குச் சொல்றேன். 2017-ல அரசுக் குழு நிர்ணயிச்ச கட்டணப்படி, கவுன்சிலிங்ல தனியார் இன்ஜினியரிங் காலேஜ் எடுத்தா வருஷத்துக்கு 50,000 ரூபாய். அங்கீகாரம் பெற்ற பிரிவா இருந்தா 55,000. நாலு வருஷத்துக்கு 2,20,000. ஹாஸ்டலும் மத்த செலவும் தனி. இதோட வெச்சுப் பாத்தா ஹிஸ்டரி சும்மா கிடைச்ச மாதிரிதான் தெரியும்.

ஆனா டிகிரி முடிச்சதும் நான் வேலைக்குப் போகல. 2014-ல இருந்து 2018 வரைக்கும் நாலு வருஷம் போட்டித் தேர்வுக்குப் படிச்சேன். காலையில ஆர்.எஸ். புரம் மாவட்ட மைய நூலகம், சாயங்காலம் கோச்சிங். குரூப் 4 எழுதுனேன், குரூப் 2 எழுதுனேன். ஒரு தடவை ரொம்பப் பக்கத்துல வந்து போச்சு. அந்தப் 'பக்கத்துல' இருக்குதே, அதுதான் மனுஷனை இன்னும் ரெண்டு வருஷம் உக்கார வெச்சிரும்.

என் கூடப் பள்ளிக்கூடத்துல படிச்ச ஒருத்தன் பி.காம் முடிச்சதும் திருப்பூர் பனியன் கம்பெனியில சேந்தான். மாசம் 10,000 ரூபாய் சம்பளம். சம்பளம் ஏறவே இல்லைன்னு வெச்சாக்கூட, 48 மாசத்துக்கு 4,80,000. அந்தக் காசை நான் சம்பாதிக்கல. கோச்சிங், புத்தகம், பஸ், டீ எல்லாம் சேத்து இன்னொரு 40,000. மொத்தம் 5,20,000. சும்மா கிடைச்சதா நெனச்ச படிப்பு, இன்ஜினியரிங் ஃபீஸைவிட ரெண்டு மடங்குக்கு மேல ஆயிருச்சு!

இன்னொண்ணும் இருக்கு. 2018-ல நான் 12,000 சம்பளத்துக்குச் சேரும்போது அவன் 18,000-ல இருந்தான். மாசம் 6,000 வித்தியாசம், வருஷத்துக்கு 72,000. அந்த இடைவெளி அடைபட இன்னும் சில வருஷம் ஆச்சு.

ஹிஸ்டரி டிகிரியோட விலை அந்த மூணு வருஷத்துல இல்லீங்க. அதுக்கப்புறம் நாம காத்திருக்கற வருஷத்துல இருக்கு. யாரும் அதை ஃபீஸ் ரசீதுல போட்டுக் கொடுக்கறதில்ல, அதனால கண்ணுக்குத் தெரியறதில்ல.

பொண்ணுங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுசு. பையன் 25 வயசுல லைப்ரரியில இருந்தா 'பரிட்சைக்குப் படிக்கறான்'னு சொல்வாங்க. பொண்ணு இருந்தா 'எப்பக் கல்யாணம்?'னு கேப்பாங்க. காத்திருக்கற ஒவ்வொரு வருஷமும் வீட்டுக்குள்ள ஒரு பஞ்சாயத்து. என் கூட நூலகத்துல படிச்ச பொண்ணுங்கள்ல பாதிப் பேரு ஃபெயில் ஆகி நிக்கல. கல்யாணப் பத்திரிகை வெச்சுட்டு நின்னுட்டாங்க.

ஃப்ளெக்ஸ்ல இல்லாத பேரு

அப்புறம் ஏன் எல்லாரும் 'ஹிஸ்டரி எடு, கவர்மென்ட் வேலை கிடைச்சிரும்'னு சொல்றாங்க? காந்திபுரத்துல போய் நின்னு பாருங்க. ஃப்ளெக்ஸ்ல வரிசையா போட்டோ, பேரு, மார்க்கு. அதப் பாத்தா யாருக்கும் நம்பிக்கை வரத்தான் செய்யும்.

வரலாற்று மாணவனுக்கு முதல் வருஷமே ஒண்ணு சொல்லித் தருவாங்க. ஒரு ஆவணத்தைப் பாத்தா மூணு கேள்வி கேக்கணும். இதை யார் எழுதினாங்க? யாருக்காக எழுதினாங்க? இதுல யார் பேரு இல்ல? கோயில் கல்வெட்டுல நிலம் கொடுத்தவர் பேரு இருக்கும், விளக்குக்கு ஆடு கொடுத்தவர் பேரு இருக்கும். அந்தக் கல்லைச் சுமந்தவன் பேரு பெரும்பாலும் இருக்காது. ஃப்ளெக்ஸும் ஒரு கல்வெட்டுதான். ஜெயிச்சவங்க மட்டும் இருப்பாங்க. நான் மூணு வருஷம் வரலாறு படிச்சும் இந்த மூணு கேள்வியை அந்த ஃப்ளெக்ஸைப் பாத்துக் கேக்கல. அதான் என் தப்பு.

கேட்டிருந்தா என்ன தெரிஞ்சிருக்கும்? சமீபத்துக் கணக்கையே எடுப்போம். 2024 ஜூன் 9-ஆம் தேதி நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதல் அறிவிப்புல 6,244 இடம். விண்ணப்பிச்சவங்க 20 லட்சத்துக்கும் மேல. அப்புறம் இடத்தைக் கூட்டி ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆக்கினாங்க. அப்பவும் ஏறக்குறைய இருநூறு பேருக்கு ஒரு இடம்.

அதைவிட முக்கியமான விஷயம், குரூப் 4-ல கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் மாதிரியான வேலைக்குக் குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்பு. குரூப் 1-க்கும் யு.பி.எஸ்.சி-க்கும் ஏதோ ஒரு டிகிரி போதும். அப்படீன்னா ஹிஸ்டரி டிகிரி அங்க கதவைத் திறக்கற சாவி இல்ல. சிலபஸ்ல ஒரு பகுதி முன்னாடியே படிச்சதா இருக்கும், அவ்வளவுதான். கணக்கும் அறிவியலும் புதுசா உக்காந்து படிச்சே ஆகணும்.

'2021 யு.பி.எஸ்.சி-ல முதலிடம் வாங்கின ஸ்ருதி சர்மா ஹிஸ்டரிதானே'ன்னு கேப்பீங்க. ஆமா. டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் காலேஜ்ல வரலாறு படிச்சவங்க. அதே மாதிரி, 2014-ல இருந்து 2023 வரைக்கும் யூடியூபை நடத்தின சூசன் வோஜ்சிக்கி ஹார்வர்டுல வரலாறும் இலக்கியமும் படிச்சவங்க. ரெண்டும் உண்மை. ஆனா அந்தக் காலேஜ் பேருங்களையும் கணக்குல சேக்கணும். அந்த இடத்துல என்ன படிச்சாலும் அடுத்த கதவு பாதி திறந்துதான் இருக்கும். அவங்களைக் காட்டி அன்னூர்ல ஒரு அப்பாகிட்ட 'காசு வருமுங்க'ன்னு சொன்னா, அது நேர்மையான பதில் இல்ல.

நேர் வழி என்ன தருது?

சரி, வரலாறு படிச்சாத்தான் கிடைக்கும்னு இருக்கற வேலைங்களைப் பாக்கலாம்.

முதல்ல வாத்தியார் வேலை. பி.ஏ. மூணு வருஷம், பி.எட். ரெண்டு வருஷம், அப்புறம் டெட், அதுக்கப்புறம் டி.ஆர்.பி. போட்டித் தேர்வு. அரசுப் பள்ளியில பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாயில ஆரம்பிக்கும், படிகள் தனி. எம்.ஏ.வும் பி.எட்.டும் முடிச்சு முதுநிலை ஆசிரியர் ஆனா 36,900. நல்ல சம்பளம், மரியாதையான வேலை. ஆனா அந்தத் தேர்வு எப்ப வரும்னு நாள் குறிச்சுச் சொல்ல முடியாது. நடுவுல தனியார் பள்ளியில வேலை பாக்கலாம். அங்க சம்பளம் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு மாதிரி, பெரும்பாலும் இதுல பாதிகூட வராது.

ரெண்டாவது, ஆராய்ச்சி. எம்.ஏ. முடிச்சு யு.ஜி.சி. நெட் தேர்வுல ஜே.ஆர்.எஃப். வாங்கினா மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை. படிக்கறதுக்கே சம்பளம் மாதிரி. இதை நம்ம பக்கத்துல நெறையப் பேருக்கு யாரும் சொல்றதே இல்ல. கியூட் பி.ஜி. எழுதினா ஹைதராபாத், பாண்டிச்சேரி, ஜே.என்.யு. மாதிரி மத்தியப் பல்கலைக்கழகத்துல குறைஞ்ச ஃபீஸ்ல எம்.ஏ. படிக்கலாம். கஷ்டமான வழிதான். ஆனா உண்மையிலேயே படிப்பு மேல வெறி இருக்கறவங்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

மூணாவது, தொல்லியல். கீழடிக்கு அப்புறம் இதுல ஆர்வம் எக்கச்சக்கமாக் கூடியிருக்கு. நம்ம கொடுமணல் அதுக்கு முன்னாடியே பேரெடுத்த ஊர். ஈரோடு மாவட்டம், நொய்யல் கரை. 1980-கள்ல தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்ட ஆரம்பிச்சது. இரும்பு உருக்கின உலை, மணி செஞ்ச பட்டறை, தமிழி எழுத்து பொறிச்ச பானை ஓடுன்னு வந்துட்டே இருந்துச்சு. பக்கத்துல படியூர்ல பச்சைக்கல் கிடைச்சிருக்கு. கோயம்புத்தூர் வெள்ளலூர்ல ரோமாபுரிக் காசுப் புதையலே கிடைச்சிருக்கு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நொய்யல் கரையில எக்ஸ்போர்ட் யூனிட் ஓடியிருக்குங்க!

ஆனா ஆர்வம் கூடுறதும் வேலை கூடுறதும் ஒண்ணில்ல. தோண்டுற வேலை சீசன் வேலை. நிரந்தரப் பணியிடம் கொஞ்சம். சென்னையில தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை நடத்தற ரெண்டு வருஷ முதுநிலை டிப்ளோமா இருக்கு, உதவித்தொகையோட. அதுக்கு எம்.ஏ. வேணும், இடம் ரொம்பக் குறைவு. போங்க, தாராளமாப் போங்க. இடம் எத்தனைன்னு தெரிஞ்சுட்டுப் போங்க.

ஒரு டி-ஷர்ட்டோட வரலாறு

இப்ப என் வேலையைப் பத்திச் சொல்றேன். ஏன்னா அந்த அப்பாவுக்கான பாதிப் பதில் இதுலதான் இருக்கு.

2018-ல நான் திருப்பூர்ல ஒரு ஏற்றுமதி நிறுவனத்துல டாக்குமென்டேஷன் பிரிவுல சேந்தேன். ஹிஸ்டரி படிச்சவன்னு யாரும் எடுக்கல. எங்க மாமா சொல்லி எடுத்தாங்க. முதல் வருஷம் பில்லு, ஃபைலு, ஸ்கேன், அவ்வளவுதான். சத்தியமாச் சொல்றேன், அந்த வருஷம் பூரா என் டிகிரியை நெனச்சு வெக்கப்பட்டேன்.

அப்புறம் நெலமை மாறுச்சு. சீனாவோட சின்ஜியாங் பகுதியில கட்டாய உழைப்பு நடக்குதுன்னு அமெரிக்கா 2021-ல ஒரு சட்டம் போட்டுச்சு. 2022 ஜூன்ல அது அமலுக்கு வந்துச்சு. சின்ஜியாங் பருத்தி கலந்திருக்குமோன்னு சந்தேகம் வந்தா சரக்கைத் துறைமுகத்துலயே நிறுத்தலாம். இல்லைன்னு நிரூபிக்கற பொறுப்பு இறக்குமதி பண்றவங்களோடது. அவங்க நம்மகிட்டக் கேப்பாங்க: இந்த டி-ஷர்ட் எந்தப் பஞ்சு? எந்த ஜின்னிங், எந்த மில்லு, எந்த நிட்டிங், எந்த டையிங்? ஒவ்வொரு இடத்துக்கும் பேப்பர் எங்க? ஆர்கானிக் பருத்தின்னா ஒவ்வொரு கை மாறும்போதும் தனிச் சான்றிதழ். ஐரோப்பாவும் டிஜிட்டல் புராடக்ட் பாஸ்போர்ட்னு இதே திசையிலதான் போகுது.

சாயப்பட்டறைக்கும் ஒரு ஃபைல் உண்டு. நொய்யல் நாசமானதும், 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைங்களை மூடச் சொன்னதும், கழிவு நீரை ஒரு சொட்டும் வெளிய விடக்கூடாதுன்னு விதி வந்ததும் உங்களுக்குத் தெரியும். டையிங் எங்க நடந்துச்சு, அந்தத் தண்ணி எங்க போச்சு, அதுக்கும் பேப்பர் வேணும்.

ஆக என் வேலை என்ன? ஒரு டி-ஷர்ட்டோட வரலாறு எழுதறது. ஆதாரத்தோட.

ஒரு சம்பவம். ஒரு ஆர்டருக்குப் பேப்பரெல்லாம் அடுக்கிட்டிருந்தோம். நூல் மில்லோட பில் தேதி 14. நிட்டிங்ல இருந்து துணி வந்த டி.சி-ல தேதி 9. எல்லாரும் கையெழுத்து இருக்கான்னு பாத்தாங்க, சீல் இருக்கான்னு பாத்தாங்க. நான் தேதியைப் பாத்தேன். நூல் வர்றதுக்கு அஞ்சு நாள் முன்னாடியே துணி எப்படி வரும்? வரலாற்றுல இதைக் காலமுரண்னு சொல்லுவோம். ஒரு செப்பேடு போலின்னு கண்டுபிடிக்கறது பல தடவை இப்படித்தான். அதுல சொல்ற ராஜா அந்த வருஷத்துல இருந்திருக்கவே மாட்டார்.

உடனே போலின்னும் முடிவு கட்டக்கூடாது. ரெண்டு ஆவணம் சண்டை போட்டா மூணாவதைத் தேடணும். நிட்டிங் யூனிட்டோட கேட் ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கினோம். வண்டி போனது 19-ஆம் தேதி. டி.சி. எழுதினவர் 1-ஐ விட்டுட்டாரு. சின்னப் பிழைதான். ஆனா அதை நாங்க கண்டுபிடிக்காம ஆடிட்டர் கண்டுபிடிச்சிருந்தா, அந்த ஆர்டர் மேல மட்டும் இல்ல, எங்க மொத்த ஃபைல் மேலயும் சந்தேகம் வந்திருக்கும். அன்னிக்குச் சாயங்காலம் எங்க மேனேஜர் கேட்டாரு: "தம்பி, நீ என்ன படிச்ச?" சேந்து நாலு வருஷத்துல முதல் தடவை அந்தக் கேள்விக்குத் தலை நிமிந்து பதில் சொன்னேன். அடுத்த அப்ரைசல்ல சம்பளமும் ஏறுச்சு. இன்னைக்கு அந்த பி.காம் நண்பனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

வேற பேர்ல இருக்கற வேலைங்க

இப்படி நம்ம பக்கத்துல வரலாற்றுத் திறமை வேற வேற பேர்ல விலைபோகுது. ரெண்டு உதாரணம் சொல்றேன்.

ஒண்ணு, புவிசார் குறியீடு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர், கோவை கோரா காட்டன் சேலை, பவானி ஜமுக்காளம், ஈரோடு மஞ்சள், நெகமம் காட்டன் சேலை, இதுக்கெல்லாம் வாங்கியாச்சு. அந்த விண்ணப்பத்துல ஒரு பகுதியே 'தோற்றத்துக்கான சான்று'. அதாவது வரலாற்று ஆவணம். இந்தப் பொருள் இந்த ஊர்ல எப்ப இருந்து இருக்குன்னு காட்டணும். 1800-ல பிரான்சிஸ் புக்கானன் இந்தப் பக்கம் வந்து ஊர் ஊரா நெசவையும் வெள்ளாமையையும் எழுதி வெச்சிருக்காரு. 1887-ல நிக்கல்சன் கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு எழுதியிருக்காரு. அதையெல்லாம் தேடி, படிச்சு, சரியான பக்கத்தை எடுத்து வெக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். மாசச் சம்பள வேலை இல்ல, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வர்ற வேலை. ஆனா செய்யத் தெரிஞ்சவங்க கம்மி.

இன்னொண்ணு, நிலம். கோயம்புத்தூர்ல இடம் வாங்கறவங்க எல்லாரும் லீகல் பாப்பாங்க. தாய்ப் பத்திரம், வில்லங்கம், பட்டா, யு.டி.ஆர்-க்கு முந்தின பழைய செட்டில்மென்ட் பதிவேடு. பழைய தமிழ்க் கையெழுத்து, பழைய அளவு, பழைய ஊர்ப் பேரு. இதைப் படிக்கத் தெரிஞ்ச இளம் வக்கீலுக்கு வேலைக்குப் பஞ்சமில்ல. பி.ஏ. முடிச்சுட்டு மூணு வருஷ எல்.எல்.பி. படிக்கலாம், கோயம்புத்தூர்லயே அரசு சட்டக் கல்லூரி இருக்கு. ஹிஸ்டரியோட சேத்து எடுக்கறதுக்கு எனக்குத் தெரிஞ்சு ரொம்பப் பொருத்தமான ரெண்டாவது படிப்பு இதுதான்.

ஆனா ஒரு எச்சரிக்கை. இந்த விளம்பரம் எதுலயும் 'பி.ஏ. வரலாறு தேவை'ன்னு இருக்காது. டிகிரியைக் காட்டினா யாரும் கூப்பிட மாட்டாங்க, திறமையைக் காட்டணும். அந்தத் திறமையும் டிகிரி வாங்கினதால மட்டும் வந்திராது. நோட்ஸை மனப்பாடம் பண்ணி, கைடு படிச்சு, மூணு வருஷமும் பாஸ் ஆக முடியும். நானே பாதி அப்படித்தான் பாஸ் ஆனேன். அப்படி வாங்கின டிகிரிக்கு அந்தப் பேப்பரோட மதிப்புதான்.

அப்பாகிட்டக் கொண்டு போக ஒரு நோட்டு

அதனால, தங்கச்சி, உங்கப்பாகிட்டப் பேசப் போறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு எடுங்க. நாலு விஷயம் எழுதுங்க.

முதல் பக்கத்துல செலவு. ஃபீஸ், பஸ், புத்தகம். அரசுப் பள்ளியில படிச்சிருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வரும். பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன். அது 2024 ஆகஸ்ட்ல நம்ம கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியிலதான் தொடங்கி வெச்சாங்க. அதை வரவுல எழுதுங்க. மூணு வருஷத்துக்கு 36,000. படிப்புச் செலவுல பெரும்பகுதி அதுலயே தீந்திரும்.

ரெண்டாவது பக்கத்துல, மூணு வருஷத்துக்குள்ள டிகிரியோட கூடவே என்ன கத்துக்கப் போறீங்கன்னு எழுதுங்க. என் பட்டியல் சின்னது. எக்ஸெல். இங்கிலீஷ்ல தப்பில்லாம ஒரு பக்கம் எழுத வரணும். அதோட, உங்க ஊரைப் பத்தி ஒரு முழு வேலை. உங்க ஊர்க் கோயில் கல்வெட்டு, மூடிப்போன ஒரு மில்லு, அத்திக்கடவு–அவினாசித் தண்ணிக்கு உங்க ஊரு எத்தனை வருஷம் காத்திருந்துச்சு, எதுவானாலும் சரி. உங்க அப்பாரு, அமுச்சி பேசினதைப் பதிவு பண்ணி, பேப்பர்ல இருக்கறதோட ஒத்துப் பாத்து, முப்பது பக்கம் எழுதுங்க. இன்டர்வியூவுல டிகிரி சர்டிபிகேட்டைவிட அந்த முப்பது பக்கம் பேசும்.

மூணாவது பக்கத்துல, போட்டித் தேர்வு எழுதறதா இருந்தா, ஒரு தேதி. எழுத வேண்டாம்னு நான் சொல்லல. எழுதுங்க. யு.பி.எஸ்.சி-க்கு நான் முதல்வன் திட்டத்துல தேர்வாகிற ஆயிரம் பேருக்கு மாசம் 7,500 ரூபாய் பத்து மாசத்துக்குத் தர்றாங்க, அதுக்கு முயற்சி பண்ணுங்க. ஆனா எந்தத் தேதியில நிறுத்தப் போறீங்கன்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுதுங்க. 'ரெண்டு வருஷம், அதுக்கு மேல வேலை பாத்துட்டே படிக்கறது.' அந்தத் தேதியை வீட்ல ஒருத்தருக்காவது காட்டுங்க. நான் எந்தத் தேதியும் எழுதல. அதுக்குக் கொடுத்த விலையைத்தான் ஆரம்பத்துல சொன்னேன்.

நாலாவது பக்கத்துல, இன்னொரு வழி. வாத்தியாரா, வக்கீலா, ஆராய்ச்சியா, கம்பெனி வேலையா? ஏதாவது ஒண்ணு முதல், ஒண்ணு ரெண்டாவது. ரெண்டாவது இல்லாத பிளான் பிளானே இல்ல.

இந்த நாலு பக்கத்தையும் எழுதி முடிச்சும் ஆசை அப்படியே இருந்தா, ஹிஸ்டரி எடுங்க. எழுதும்போதே சலிப்பா இருந்தா, வேற ஏதாவது எடுங்க, வரலாற்றை எங்கள மாதிரி பாட்காஸ்ட்ல கேட்டுக்கலாம். அதுவும் தப்பில்ல.

இப்ப அந்த அப்பாவுக்கு. அய்யா, உங்க கேள்விக்கு என் பதில் இதுங்க. இந்தப் படிப்பு தானா காசு தராது. பி.காம். மாதிரி முடிச்ச மாசமே ஒரு வேலையில உக்கார வெக்காது. முதல் அஞ்சு வருஷம் கொஞ்சம் பின்னாடியேகூட இருக்கலாம். ஆனா காத்திருக்கற காலத்துக்கு ஒரு வரம்பு போட்டு, கூடவே ஒரு கைத்தொழிலும் கத்துக்கிட்டா, நஷ்டம் வராது. உங்க பொண்ணு உங்க கேள்வியை மறைக்காம எனக்கு அனுப்பி வெச்சிருக்கு. ஆதாரம் தனக்கு எதிரா இருந்தாலும் எடுத்து மேசை மேல வெக்கறதுதான் வரலாற்று மாணவனோட முதல் வேலை. அது அந்தப் பொண்ணுகிட்ட ஏற்கனவே இருக்குங்க.

எங்கப்பா இப்பத் தறி ஓட்டறதில்ல. போன மாசம் நான் கொண்டு வந்த ஒரு சாம்பிள் டி-ஷர்ட்டைக் கையில வெச்சுட்டு, "இது எந்த மில்லு நூலு?"ன்னு கேட்டாரு. சொன்னேன். "அந்த நூலு எந்த ஊர்ப் பஞ்சு?" அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் துணியைத் தேச்சுப் பாத்துட்டு, "இதத்தான் படிச்சியா?"ன்னு கேட்டாரு.

"ஆமாங்கப்பா"ன்னேன். 2011-ல சொல்லியிருக்க வேண்டிய பதில்.

தங்கச்சி, அப்பாகிட்டப் பேசிட்டு என்ன முடிவு பண்ணீங்கன்னு இன்னொரு வாய்ஸ் நோட் போடுங்க. மத்தவங்களும் உங்க வீட்டுக் கணக்கை எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசலாம். வரட்டுங்களா.